தேர்ச்சி அறிக்கையில் இருந்த இரண்டு வரிகள்



ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு என்றதும், வகுப்பில் ஓரிடத்தில் அமராத சிறுவனே நம் நினைவுக்கு வருவான். அவன் வளர்ந்தபின் என்ன ஆகிறான் என்பதை மருத்துவ உலகமும் நெடுங்காலம் கேட்கவில்லை.

1798-இல் ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன், ஒன்றில் மனத்தை நிலைநிறுத்த இயலாத நிலையை விவரித்தார். வயது ஏற ஏற அது குறையும் என்றே கருதினார். 1902-இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் ஆற்றிய உரைகளும் குழந்தைகளைப் பற்றியவைதாம். 1968-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு இதற்கிட்ட பெயரிலேயே 'குழந்தைப் பருவம்' என்ற சொல் இருந்தது. பெரியவர்களுக்குக் கதவு அடைபட்டது!

1976-இல் யூட்டாவில் பால் வெண்டர் குழுவினர் பெரியவர்களிடமும் இதனைக் கண்டு எழுதினர். 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பு, பெரியவர்களுக்கு ஆறு அறிகுறிகளுக்குப் பதில் ஐந்து போதும் என்றது. நம் நாட்டுச் சுகாதார அமைச்சின் 2008-ஆம் ஆண்டு வழிகாட்டி சிறுவர், பதின்ம வயதினருக்கானது. 2020-இன் இரண்டாம் பதிப்பில் பெரியவர்களும் இடம்பெற்றனர்.

ஆயினும் ஒரு நிபந்தனை நீடிக்கிறது. அறிகுறிகள் இளமையிலேயே இருந்திருக்க வேண்டும். முன்பு 7 வயதுக்குள் என்றனர். இப்போது 12 வயதுக்குள் என்கின்றனர். இரத்தப் பரிசோதனையில் இது தெரியாது.

நாற்பத்து மூன்றாம் வயதில் நானும் அந்நிபந்தனைமுன் நின்றேன். பாடத்திட்டம் எழுதி முடிக்க நள்ளிரவாகும். கோப்புகள் காணாமற் போகும். முதலில் பார்த்த மருத்துவர் மன உளைச்சல் என்று கூறி அனுப்பிவிட்டார். இரண்டாமவர் உறக்கம், தைராய்டு, மனச்சோர்வு அனைத்தையும் விசாரித்தபின், "பள்ளி ஆவணம் ஏதும் உண்டா?" என்றார்.

பெர்மாஸ் ஜெயா வீட்டில், அம்மா பழைய மைலோ டின்னில் பாதுகாத்த என் மூன்றாம் ஆண்டுத் தேர்ச்சி அறிக்கை கிடைத்தது. ஆண்டு 1989. "கெட்டிக்காரப் பிள்ளை. தொடங்கிய வேலையை முடிப்பதில்லை. பொருள்களை அடிக்கடி தொலைக்கிறது." அன்று அதற்காக அப்பாவிடம் அடி வாங்கினேன். இன்று அதனை மருத்துவருக்கு மலாயில் மொழிபெயர்த்துச் சொன்னபோது குரல் தழுதழுத்தது. அம்மாவிடமும் நெடுநேரம் பேசிய பிறகே அவர் முடிவைக் கூறினார்.

இப்போதெல்லாம் அறிக்கையில் 'குறும்பு' என்று மட்டும் நான் எழுதுவதில்லை. எந்தப் பாடத்தில், எவ்வளவு நேரத்தில் கவனம் சிதறியது, எதனை முடிக்கவில்லை என்று எழுதித் தேதியும் இடுகிறேன். எழுதி முடிக்க நேரமாகத்தான் செய்கிறது. இவ்வாண்டும் கடைசியாக ஒப்படைத்தது நான்தான்.