காணி விளம்பரத்தில் ஆறு ஆங்கிலச் சொற்கள்

வடக்கில் காணி விற்பனை விளம்பரங்களில் ஆங்கிலச் சொற்கள் நிறைந்திருக்கின்றன. ஊரில் உள்ளவர்களும் புலம்பெயர்ந்தவர்களும் என்னிடம் அடிக்கடி பொருள் கேட்கும் ஆறு சொற்களை இங்கே தருகிறேன். முதல் மூன்றும் விலை பற்றியவை. பின் மூன்றும் உரிமை பற்றியவை.

பிறைம் லான்ட்: பெறுமதியான இடத்துக் காணி என்பார்கள். சட்டத்தில் இதற்கு வரையறை இல்லை. எந்த வீதி, சந்தியிலிருந்து எத்தனை மீற்றர் என்று நான் கேட்பேன்.

பீச் புறொன்ட்: கடலை நோக்கிய காணி. கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றருக்குள் கட்டடம் எழுப்புவதற்கு அனுமதி பெற வேண்டும்.

பேர்ச்: 10 பேர்ச் ஒரு பரப்பு, 16 பரப்பு ஓர் ஏக்கர். பேர்ச் கணக்கில் சொல்லும் விலை சிறிதாகத் தோன்றும். பத்தால் பெருக்கி, அயலில் பரப்பு போகும் விலையோடு ஒப்பிடுங்கள்.

பிறீஹோல்ட்: அறுதி உரிமை, அதாவது உறுதிக் காணி. வன்னிக் குடியேற்றத் திட்டங்களில் பலரிடம் இருப்பது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரம். அதை உறுதிக் காணிபோல விற்க முடியாது. முதலில் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

கிளியர் டைட்டில்: வில்லங்கமற்ற உரிமை. விளம்பரத்தில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. காணிப் பதிவகத்தில் பதிவேட்டைத் தேடி, ஈடும் வழக்கும் உண்டா என்று பார்க்க வேண்டும். இடம்பெயர்வில் உறுதியைத் தொலைத்தவர்கள், அதன் இலக்கமும் எழுதிய நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் அங்கே பிரதி கோரலாம்.

வேக்கன்ற் பொசெஷன்: எவரும் குடியிராத நிலையில் கையளித்தல். நம்மவர்களுக்கு இதுவே மிக முக்கியமானது. உரிமையாளரின் அனுமதியின்றி, அவருக்கு எதிராக ஒருவர் 10 ஆண்டுகள் தடையின்றி ஆண்டுவந்தால், ஆட்சியுரிமை கோரி நீதிமன்றம் செல்லலாம். போரினால் வழக்காட முடியாதவர்களுக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை விலக்க 2016இல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பிந்திய காலம் கணக்கில் சேரும். போர் முடிந்து 10 ஆண்டுகள் எப்போதோ கடந்துவிட்டன.

ஆகவே உங்கள் வளவில் உறவினரோ அயலவரோ இருந்தால், உங்கள் அனுமதியோடுதான் இருக்கிறார் என்பதை இன்றே எழுத்தில் பெற்று வையுங்கள். பிணக்கு இருந்தால், விலை பேசுவதற்கு முன் சட்டத்தரணியைப் பாருங்கள்.