‘மே’யா, ‘ஷல்’லா? ஆட்சிமொழிச் சட்டத்தில் ஒரு துணைவினை

இயலுந்தன்மையை உணர்த்தும் ஆங்கிலத் துணைவினைகளுள் ‘மே’ என்பது வழுக்கும் சொல். அனுமதியும் ஐயமும் அதனுள் ஒருங்கே உறைகின்றன. தமிழின் ‘-லாம்’ ஈறும் இத்தகையதே. ‘அவர் வரலாம்’ என்றால் வருவதற்குத் தடையில்லை என்றும் கொள்ளலாம். வருவது உறுதியில்லை என்றும் கொள்ளலாம். பேச்சில் இந்த இரட்டைப் பொருளால் பெருங்கேடு விளைவதில்லை. 1963இல் இந்திய நாடாளுமன்றத்தில் இதே சொல் ஒரு மொழிக்கொள்கையின் அச்சாணியாயிற்று.

பின்னணி அரசியலமைப்பின் 343ஆம் பிரிவில் உள்ளது. ஒன்றியத்தின் ஆட்சிமொழி இந்தி என்று அப்பிரிவு விதித்தது. ஆயினும் முதல் பதினைந்து ஆண்டுகளுக்கு ஆங்கிலம் தொடர்ந்து பயன்படுத்தப்படும் என்றும் உறுதி கூறியது. அங்கு ஆளப்பட்ட துணைவினை ‘ஷல்’. அக்காலம் கழிந்த பிறகு ஆங்கிலப் பயன்பாட்டுக்கு நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்னும் உட்பிரிவில் ‘மே’ இடம்பெற்றது.

கெடு 1965 ஜனவரி 26இல் முடியவிருந்தது. இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று 1959இல் நேரு மக்களவையில் அளித்த வாக்குறுதிக்குச் சட்டவடிவம் தரவே 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிகள் மசோதா வந்தது. உள்துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி அதனை முன்வைத்தார். அதன் மூன்றாம் பிரிவு 343இன் வாசகத்தைப் பெரும்பாலும் அடியொற்றியது. ‘இந்தியுடன் கூடுதலாக’ என்ற தொடர் சேர்ந்தது. ‘ஷல்’ இருந்த இடத்தில் ‘மே’ அமர்ந்தது. இரு வாசகங்களையும் அருகருகே வைத்துப் படிப்பவருக்கு ஐயம் எழாமல் இராது.

அரசியலமைப்பு விதித்த தடையை நீக்குவதே மசோதாவின் நோக்கம் என்றும், ‘மே’ என்பதை ‘ஷல்’ என்ற பொருளிலேயே கொள்ளலாம் என்றும் நேரு விளக்கினார். இவ்விளக்கத்தைப் பசப்பு என்று ஒதுக்கிவிட இயலாது. அதிகாரம் அளிக்கும் சொல்லோடு கடமையும் சில சூழல்களில் இணைந்திருக்கும் என்பதை ஆங்கிலேயச் சட்டமரபு நெடுங்காலமாக ஏற்றுள்ளது. 1880இல் பிரபுக்கள் சபை தீர்த்த ஜூலியஸ் வழக்கு அதற்குப் பேர்போனது. ஆனால் அந்த இணைப்பை நிறுவ ஒருவர் நீதிமன்றம் ஏற வேண்டும். பொருள் ஒன்றேயாயின் ‘ஷல்’ என்றே எழுதிவிடலாமே என்பதுதான் எதிர்த்தரப்பின் வினா. தடை செய்யாத சொல் கட்டாயப்படுத்தவும் செய்யாது. நாளைய அரசு அதனைத் ‘தொடராமலும் இருக்கலாம்’ என்று படிக்கும் எனத் திராவிட முன்னேற்றக் கழகம் அஞ்சியது. மாநிலங்களவையில் அண்ணாதுரை மசோதாவை எதிர்த்தார். ஃபிராங்க் ஆந்தனியும் ‘ஷல்’ வேண்டும் என்றார். மசோதா ‘மே’யுடனேயே நிறைவேறியது.

இங்கு ஒரு சொல்வரலாறு நினைவுக்கு வருகிறது. பழைய ஆங்கிலத்தில் ‘மே’யின் மூலவினை ஆற்றலையும், ‘ஷல்’லின் மூலவினை கடன்பட்டிருத்தலையும் குறித்தன. தமிழிலும் கடன் என்பது கடமையே. அரசு தன் ஆற்றலைப் பேசியது. தெற்கு கேட்டது கடனை.

1964இல் நேரு மறைந்தார். விளக்கம் தந்தவரோடு விளக்கத்தின் வலிமையும் குன்றியது; எஞ்சியது அச்சேறிய சொல் மட்டுமே. 1965 ஜனவரியில் மதுரையில் மூண்ட மாணவர் கிளர்ச்சி தமிழகமெங்கும் பரவிற்று. தீக்குளிப்பிலும் துப்பாக்கிச் சூட்டிலும் உயிர்கள் பறிபோயின. சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் அமைச்சர் பதவி விலகல் கடிதம் கொடுத்தனர். நேருவின் வாக்குறுதி காக்கப்படும் எனச் சாஸ்திரி வானொலியில் அறிவித்தார்.

திருத்தச் சட்டம் 1967 இறுதியில் நிறைவேறி, 1968 ஜனவரியில் ஒப்புதல் பெற்றது. அது ‘மே’யை அகற்றிவிட்டது என்று பலர் எழுதுகின்றனர், சட்டநூலைப் புரட்டினால் அவ்வாறில்லை. மூன்றாம் பிரிவின் முதல் உட்பிரிவில் அச்சொல் இன்றும் உள்ளது. அதன் கீழ், இந்தியை ஏற்காத மாநிலங்களோடு ஒன்றியம் ஆங்கிலத்திலேயே தொடர்புகொள்ள வேண்டும் என்ற வரம்புரை ‘ஷல்’லோடு சேர்ந்தது. ஐந்தாம் உட்பிரிவோ, அம்மாநிலச் சட்டமன்றங்கள் அனைத்தும் தீர்மானம் இயற்றி, அவற்றை ஆராய்ந்தபின் நாடாளுமன்றத்தின் ஈரவைகளும் தீர்மானிக்கும்வரை இவ்வேற்பாடு நடப்பில் இருக்கும் என்று விதித்தது. அங்கும் துணைவினை ‘ஷல்’தான்.