சொல்லி அடைபடுவது ஒன்று, சொல்லாமல் அடைபடுவது ஒன்று

இருபது டன் பொக்லைன் வண்டியில் ஹைட்ராலிக் ஆயிலைச் சுத்தமாக வைத்திருக்க நான்கைந்து இடங்களில் ஏற்பாடு இருக்கும். டேங்குக்குள் சக்‌ஷன் ஸ்ட்ரெய்னர், டேங்கின் தலையில் காற்றை வடிகட்டும் பிரீதர், சில வண்டிகளில் பம்பின் டிரெயின் லைனில் ஒரு சின்ன ஃபில்டர், பிரேக்கர் பூட்டியிருந்தால் அந்த லைனுக்கென்று இன்னொன்று. ஆனால் மெக்கானிக்கின் நேரத்தையும் முதலாளியின் பணத்தையும் அதிகம் தின்பவை ரிட்டர்ன் ஃபில்டரும் பைலட் ஃபில்டரும்தான். ஒரே டேங்க் ஆயிலைத்தான் இரண்டும் வடிகட்டுகின்றன. ஆனால் அடைத்துக்கொண்டால் பைலட் ஃபில்டர் ஊரைக் கூட்டிவிடும். ரிட்டர்ன் ஃபில்டர் வாயே திறக்காது. வாய் திறக்காததைப் பார்த்துத்தான் அதிகம் பயப்பட வேண்டும் என்பது என் கட்சி.

இரண்டும் செய்யும் வேலையை முதலில் பார்த்துவிடலாம். இந்த அளவு வண்டியில் இரண்டு பெரிய பிஸ்டன் பம்புகள் சேர்ந்து நிமிடத்துக்கு 400 லிட்டருக்கு மேல் ஆயிலைத் தள்ளும். அழுத்தம் 350 பார் வரை போகும். பூம், ஆர்ம், பக்கெட், ஸ்விங், டிராக் என்று எல்லா இடத்துக்கும் போய் உழைத்த ஆயில், கூலர் வழியாக டேங்குக்குத் திரும்பும்போது கடந்து வரும் வாசல் ரிட்டர்ன் ஃபில்டர். சிலிண்டர் சுருங்கும் நேரத்தில் பம்ப் தள்ளியதைவிடக் கூடுதலாகவும் ஆயில் திரும்பி வரும். அதனால்தான் அது அவ்வளவு பெரிதாக, டேங்கின் மூடிக்கு அடியில் உருளையாக நிற்கிறது. பைலட் ஃபில்டரின் உலகம் சின்னது. ஒரு சிறிய கியர் பம்ப், ஏறக்குறைய 40 பார் அழுத்தம், நிமிடத்துக்கு இருபது முப்பது லிட்டர். ஆபரேட்டர் லீவரை அசைத்தால் கன்ட்ரோல் வால்வின் ஸ்பூலைத் தள்ளிவிடுவது இந்த ஆயில்தான். மண் தோண்டும் பலம் இதற்குக் கிடையாது. ஆனால் இது ஏவாமல் அந்தப் பலம் அசையாது.

ரிட்டர்ன் ஃபில்டருக்குள் ஒரு பைபாஸ் வால்வு இருக்கிறது. ஏரி நிரம்பினால் கரை உடையாமல் இருக்கக் கலிங்கு வைத்திருப்பதுபோல, எலிமென்ட் அடைத்து அழுத்தம் ஒன்று, ஒன்றரை பார் அளவுக்கு ஏறினால் அந்த வால்வு திறந்துகொள்ளும். ஆயில் எலிமென்ட்டைத் தொடாமலே டேங்குக்குப் போகும். இது தேவையான ஏற்பாடுதான். இல்லாவிட்டால் எலிமென்ட் நசுங்கும், பின்னழுத்தம் ஏறி கூலரும் மோட்டார் சீல்களும் பாதிக்கப்படும். விலை என்னவென்றால், அதற்குப் பிறகு வண்டி வடிகட்டாத ஆயிலில் ஓடுகிறது. பக்கெட் பலம் குறையாது, வேகம் குறையாது, சத்தம் மாறாது. ஆபரேட்டருக்குப் புகார் சொல்ல எதுவும் இல்லை. சில மாடல்களில் அடைப்பைக் காட்ட மானிட்டரில் விளக்கு எரியும். பழைய வண்டிகளில் அந்த விளக்குக்கான ஸ்விட்சின் ஒயர் அறுந்து கிடப்பதைப் பார்க்காத மெக்கானிக் குறைவு.

சேதம் கண்ணுக்குத் தெரியாத அளவில் நடக்கிறது. மனிதக் கண்ணுக்குத் தெரியும் மிகச் சிறிய துகள் ஏறக்குறைய 40 மைக்ரான். ஸ்பூலுக்கும் அது ஓடும் துளைக்கும், பிஸ்டனுக்கும் பேரலுக்கும் இடையே உள்ள இடைவெளி பல இடங்களில் அதைவிடச் சிறியது. அந்த இடைவெளிக்குள் நுழையும் அளவுள்ள தூசிதான் உராய்ந்து கோடு போடும். கையில் ஊற்றிப் பார்த்து “ஆயில் சுத்தமாத்தான் இருக்கு” என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. பம்பின் வால்வு பிளேட்டில் கோடு விழுந்தால், காலையில் நன்றாக ஓடும் வண்டி மதியம் ஆயில் சூடேறியதும் மந்தமாகும். சூட்டில் ஆயில் இளகி அந்தக் கோடுகள் வழியே உள்ளுக்குள்ளேயே கசிகிறது. அந்த நாளில் புது ஃபில்டர் போட்டுப் பயனில்லை. பம்பை இறக்கியாக வேண்டும், செலவு லட்சங்களில் நிற்கும்.

பைலட் ஃபில்டர் இப்படி விட்டுக்கொடுப்பதில்லை. (பைபாஸ் வைத்த பைலட் ஃபில்டரும் சில மாடல்களில் உண்டு. அந்த வண்டிகளில் அறிகுறி மங்கலாக இருக்கும்.) அடைப்பு ஏற ஏற லீவரை இழுத்ததற்கும் பூம் எழுவதற்கும் நடுவே ஒரு தயக்கம் தெரியும். அப்புறம் எல்லா அசைவும் மெதுவாகும். “எல்லா” என்ற சொல்தான் இங்கே முக்கியம். பக்கெட் மட்டும் மெதுவாக இருந்தால் பைலட் ஃபில்டரைக் கழற்ற வேண்டாம். அந்த ஸ்பூலையோ, அந்தச் சிலிண்டரின் சீலையோ பாருங்கள். ஒரு பக்க டிராக் மட்டும் இழுக்கவில்லை என்றாலும் அப்படியே. பூம், ஸ்விங், டிராக் மூன்றும் ஒன்றாகத் தளர்ந்தால், அவை பொதுவாகக் கும்பிடும் இடம் பைலட் லைன்.

அங்கேயும் ஃபில்டரைக் கழற்றும் முன் கேஜைப் பூட்டுங்கள். ரிலீஃப் வால்வு ஃபில்டருக்கு முன்னால் இருக்கும் வண்டியில் ஒரு நுட்பம் இருக்கிறது. லீவர்கள் நியூட்ரலில் இருக்கும்போது ஃபில்டர் வழியே ஓட்டம் மிகக் குறைவு. ஓட்டம் இல்லாத இடத்தில் அடைப்பு அழுத்தத்தைக் குறைக்காது. ஆகவே ஃபில்டருக்குப் பின்னால் வைத்த கேஜ் 40 பாரை அழகாகக் காட்டும். அதை நம்பி “பைலட் பிரஷர் ஓகே” என்று எழுதிவிட்டு மெயின் பம்பைக் கழற்றப் போனவர்கள் உண்டு. ஒருவர் கேஜில் கண் வைத்திருக்க, இன்னொருவர் கேபினில் உட்கார்ந்து இரண்டு லீவரையும் வேகமாக இழுக்க வேண்டும். அந்த நொடியில் முள் சரிந்து, லீவரை விட்டதும் மெல்ல ஏறினால் ஃபில்டர்தான். ஃபில்டருக்கு முன்னாலேயே அழுத்தம் குறைவாக இருந்தால் குற்றவாளி ரிலீஃப் வால்வோ கியர் பம்போ.

ரிட்டர்ன் ஃபில்டருக்குக் கேஜ் இந்த அளவு பேசாது. அதைப் பேசவைக்கக் கழற்றி அறுக்க வேண்டும். பழைய எலிமென்ட்டை அப்படியே குப்பையில் போடுவது எனக்கு மனசு கேட்காத காரியம். ஆயிலை வடியவிட்டு, ஓரத்து மூடிகளை அறுத்தெடுத்து, மடிப்பு மடிப்பாக இருக்கும் தாளை வெள்ளைத் துணிமேல் விரித்து வெயிலில் பிடியுங்கள். ஒவ்வொரு மடிப்பின் அடியிலும் ஒரு கோடாக அழுக்கு படிந்திருக்கும். பிளாஸ்டிக் பையில் காந்தத்தைச் சுற்றி மேலே ஓட்டினால் இரும்புத் தூள் தொற்றிக்கொண்டு வரும். காந்தத்துக்கு வராமல் பொன்னிறத்தில் மின்னுவது பித்தளை, வெண்கல வகை. பிஸ்டன் பம்பிலோ மோட்டாரிலோ ஸ்லிப்பரும் வால்வு பிளேட் பக்கமும் தேயத் தொடங்கிவிட்டன என்று பொருள். கறுப்பு ரப்பர் துணுக்கு சிலிண்டர் சீலிலிருந்தோ பிரேக்கர் சீலிலிருந்தோ வந்தது. நகத்தில் நெருடும் மணல் பிரீதர் வழியாகவோ, கிழிந்த ராட் வைப்பர் வழியாகவோ நுழைந்தது. வண்டியின் உள்ளே எது சாகிறது என்பதை ஆயிரக்கணக்கில் செலவில்லாமல் சொல்லும் ஒரே அறிக்கை இதுதான். பைலட் எலிமென்ட்டையும் அறுக்கலாம், ஆனால் அது சின்ன பம்பின் கதையையே அதிகம் சொல்லும்.

மாற்றும் கணக்கிலும் இரண்டும் பிரிகின்றன. சாதாரண பக்கெட் வேலையில் பல தயாரிப்பாளர்கள் இரண்டுக்குமே 1000 மணி என்று எழுதியிருப்பார்கள். பிரேக்கர் பூட்டிய நொடியில் ரிட்டர்ன் ஃபில்டரின் கணக்கு மாறுகிறது. முழு நேரமும் பிரேக்கர் ஓட்டினால் ஃபில்டரை 100 மணிக்கும், ஆயிலை 600 மணிக்கும் மாற்றச் சொல்லும் கையேடுகள் இருக்கின்றன. கல்லுடைக்கும் உளியைச் சுற்றிய தூசி புஷ் வழியே ஏறுகிறது, அடிக்கு அடி துடிக்கும் ரிட்டர்ன் ஓட்டம் எலிமென்ட் பிடித்துவைத்த அழுக்கையே உதறிவிடுகிறது. கிருஷ்ணகிரி கிரானைட் குவாரியில் பிரேக்கரோடு உழைத்த வண்டியை, மேட்டூர் அணை திறப்புக்கு முன் டெல்டாவில் தூர்வாரும் வேலைக்கு ஏற்றி அனுப்புவார்கள். ஹவர் மீட்டரில் 300 மணிதான் ஓடியிருக்கிறது என்று ஃபில்டரை அப்படியே விடுவது பெரிய தவறு. அந்த 300 மணி, பக்கெட் வேலையின் 1000 மணியைவிடக் கனமானது. டெல்டாவில் சேறு உலர்ந்து ராடில் ஒட்டி வைப்பரை அரிக்கும், தண்ணீரும் உள்ளே போகும். ஆயில் பால்போல வெளுத்தால் எந்த ஃபில்டரும் காப்பாற்றாது, டேங்கை வடித்தே ஆக வேண்டும்.

புது வண்டிக்கும், பம்போ மோட்டாரோ பிரித்து மாட்டிய வண்டிக்கும் முதல் மாற்றம் இதைவிடச் சீக்கிரம் வர வேண்டும்.

மாட்டும்போது நடக்கும் பிழைகள்கூட ஃபில்டருக்கு ஒரு மாதிரி. ரிட்டர்னில் முதலில் டேங்கின் அழுத்தத்தைப் பிரீதர் வழியாக விடாமல் மூடியைத் திறந்தால் சூடான ஆயில் முகத்தில் அடிக்கும். பக்கெட்டைத் தரையில் ஊன்றி, எஞ்சினை நிறுத்தி, அதன் பிறகே போல்ட்டில் கை வைக்க வேண்டும். அடுத்தது, எலிமென்ட்டின் ஓ-ரிங். பழையது உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்க அதன்மேல் புதியதை அழுத்துவது, அல்லது ரிங்கே இல்லாமல் மூடுவது. இரண்டிலும் ஆயில் எலிமென்ட்டுக்கு வெளியே வழி கண்டுபிடித்துவிடும், அதுவும் சத்தமில்லாமல். டீசலில் அலசி ஏர் அடித்து மறுபடி போடும் வழக்கத்தை நான் கெஞ்சிக் கேட்டு நிறுத்தச் சொல்வேன். அப்படிக் கழுவ ஸ்ட்ரெய்னரின் கம்பி வலை தாங்கும். காகித மடிப்பு கிழியும், அழுக்கு சுத்தமான பக்கத்துக்குப் போய்ச் சேரும்.

பைலட்டில் ஆபத்து கை அழுக்கு. அந்த ஃபில்டரைத் தாண்டினால் சொலனாய்டு வால்வு வரை வேறு காவல் இல்லை. வெளியே போகும் துளையில் விழும் ஒரு துணி நூல் போதும், ஸ்பூல் நடுவில் சிக்கிக்கொள்ள. சுற்றிலும் துடைத்துவிட்டுத் திறங்கள், ரிங்கில் ஆயில் தடவிக் கையால் இறுக்குங்கள்.

விலை மலிவான எலிமென்ட் பற்றியும் ஒரு வார்த்தை. அட்டையில் “10 மைக்ரான்” என்று அச்சடித்திருப்பது அரைத் தகவல். ஐஎஸ்ஓ 16889 சோதனையில் வரும் பீட்டா எண்ணைக் கேளுங்கள். பீட்டா 200 என்றால் அந்த அளவுள்ள துகள் 200 வந்தால் ஒன்று தாண்டும். பீட்டா 2 என்றால் பாதி தாண்டும். இரண்டு அட்டையிலும் 10 மைக்ரான் என்றே போட்டிருக்கலாம்.

பைலட்டின் புகாரை அந்த ஃபில்டரோடு முடித்துவிடுவதைத்தான் இன்னும் பல பட்டறைகளில் பார்க்கிறேன். சின்ன பம்ப் உறிஞ்சுவதும் அதே டேங்கிலிருந்துதான். உரிய மணிக்கு முன்பே பைலட் ஃபில்டர் இரண்டாம் முறை அடைத்தால், ரிட்டர்ன் தன் வேலையைச் செய்யவில்லை என்ற சந்தேகம் வர வேண்டும். முதலில் பிரீதரைக் கழற்றிப் பாருங்கள். அப்புறம் ரிட்டர்ன் மூடியைத் திறந்து ஓ-ரிங்கையும், பைபாஸ் வால்வின் ஸ்பிரிங் உடைந்து திறந்தே நிற்கிறதா என்பதையும் பாருங்கள். எலிமென்ட்டை அறுத்து விரியுங்கள். பொன்னிறம் மின்னினால் பம்பின் டிரெயின் லைனைக் கழற்றி, நிமிடத்துக்கு எவ்வளவு ஆயில் கசிகிறது என்று அளந்து கையேட்டோடு ஒப்பிடுங்கள். அந்த அளவு தெரியும்வரை வண்டியை அடுத்த சைட்டுக்கு அனுப்ப வேண்டாம்.