ஒரு '&' போட மறந்த கதை

சி நிரலுக்கு நடுவில் ரெண்டே ரெண்டு வரி இன்லைன் அசெம்பிளி. முதல் வரி, முதல் எண்ணை விடைக்குள் போடும். அடுத்த வரி, இரண்டாவது எண்ணை அதோடு கூட்டும். 5-ம் 7-ம் கொடுத்தால் 12. ஒரு வாரம் ஒழுங்காக ஓடியது. வேறெங்கோ ஒரு வரியை மாற்றினேன், விடை 10! "கம்பைலர்ல பக் இருக்குடா"ன்னு நண்பனிடம் சவடால் வேறு விட்டாச்சு. பக் என்னிடம்தான் என்று தெரிய இரண்டு ராத்திரி ஆனது. அப்போது தோண்டிய சரித்திரம்தான் இது.

ரிச்சர்ட் ஸ்டால்மன் ஜிசிசியை முதலில் வெளியிட்டது 1987-ல். ஒவ்வொரு பிராசஸருக்கும் அதில் ஒரு விவரக் கோப்பு உண்டு. எந்தக் கட்டளைக்கு எந்த மதிப்பு எங்கே இருக்கலாம் என்று அதில் ஒற்றை எழுத்தில் குறித்திருப்பார்கள். 'ஆர்' என்றால் ரெஜிஸ்டர், 'எம்' என்றால் மெமரி, '=' என்றால் இங்கே விடை எழுதப்படும். கம்பைலர் கட்டுபவர்களின் இந்தப் பரிபாஷையைத்தான் இன்லைன் அசெம்பிளி எழுதும் நம் கையிலும் கொடுத்தார்கள். பெயர், கன்ஸ்ட்ரெயின்ட்.

இதில் ஒரு சூட்சுமம். நாம் எழுதிய அசெம்பிளி என்ன செய்கிறது என்று ஜிசிசி பார்ப்பதே இல்லை. கன்ஸ்ட்ரெயின்டை மட்டும் நம்பி ரெஜிஸ்டர் ஒதுக்கும், வீட்டு புரோக்கர் மாதிரி. உள்ளீடுகளையெல்லாம் படித்து முடித்த பிறகுதான் விடையை எழுதுவோம் என்பது அதன் அனுமானம். அதனால் உள்ளீடு இருந்த வீட்டையே விடைக்கும் கொடுத்துவிடலாம். என் முதல் வரியோ, 7 காலி பண்ணும் முன்பே அதே வீட்டில் 5-ஐக் குடிவைத்தது. அப்புறம் 5-ம் 5-ம் 10. "முன்கூட்டியே எழுதுவேன், பங்கு போடாதே" என்று சொல்ல '=' பக்கத்தில் ஒரு '&' போட்டிருக்க வேண்டும். அந்த ஒரு வாரம் ஓடியது சும்மா அதிர்ஷ்டம்!

அதிர்ஷ்டத்தில் ஓடியது நான் மட்டுமல்ல. 1996-ல் வந்த லினக்ஸ் 2.0 கெர்னலில் தப்பான அசெம்பிளி வாக்கியங்கள் சில இருந்தன. பழைய ஜிசிசி கண்டுக்காமல் விட்டது. 1999-ல் வந்த ஜிசிசி 2.95, 'இது செல்லாது' என்று பிழை காட்டி நிறுத்தியது. உடைத்தது கம்பைலர் மாதிரி தெரிந்தாலும் ஒப்பந்தத்தை முதலில் மீறியது நிரல்தான்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வசதி கூடியது. 2002-ல் ஜிசிசி 3.1 வந்தபோது %0, %1 என்று எண்ணிக்கொண்டிராமல் பெயர் வைத்து அழைக்க முடிந்தது. ஆனால் எனக்குப் பிடித்த திருப்பம் 2022 பிப்ரவரியில். ரஸ்ட் 1.59-ல் இன்லைன் அசெம்பிளி நிலையான வசதியானது. அதில் சாதாரணமாக 'அவுட்' என்று போட்டாலே விடைக்குத் தனி ரெஜிஸ்டர். பங்கு போட்டுக்கொள்ளலாம் என்றால் 'லேட்அவுட்' என்று நாமே கேட்க வேண்டும். அதாவது, மறந்தால் ஒரு ரெஜிஸ்டர்தான் வீண், விடை தப்பாது. ஜிசிசியில் மறந்தால் போவது விடை.

முப்பத்தைந்து வருஷத்தில் மாறியது இவ்வளவுதான்: மறதிக்கு யார் விலை கொடுப்பது என்பது.

நண்பனிடம் சவடாலை வாபஸ் வாங்கியாச்சு. '&'-ம் போட்டாச்சு. இப்போ 12 வருது :-)