பேட்ரிசியாவின் சொற்கள்

பக்கவாதம் வந்த பிறகு அம்மா உப்பை 'மழை' என்றாள். "குழம்புல மழை போதலை" என்று அவள் சொன்னபோது நாங்கள் சிரித்துவிட்டோம். சில மாதங்கள் கழித்து அந்தச் சொல்லை ஒரு கவிதையில் வைத்தேன். படித்தவர்கள் புதிய படிமம் என்று பாராட்டினார்கள். அம்மாவின் பெயரைக் கவிதையில் எங்கும் நான் குறிப்பிடவில்லை. ரோல்ட் டாலின் வாழ்க்கையைப் படிக்கும்போதெல்லாம் அந்த நினைவு உறுத்துகிறது.

குழந்தைகளுக்காக எழுதிய டாலின் கதையை மருத்துவமனைகளின் வழியாகவே சொல்லிவிடலாம். 1920இல், அவருக்கு மூன்று வயதாக இருந்தபோது, ஏழு வயது அக்கா ஆஸ்ட்ரி குடல்வால் அழற்சியில் இறந்தாள். சில வாரங்களில் தந்தையும் போனார். 1940இல் லிபியப் பாலைவனத்தில் அவர் ஓட்டிய போர்விமானம் விழுந்து நொறுங்கியது. மண்டையில் எலும்பு முறிந்தது, சில வாரங்கள் பார்வை இல்லை. தலையில் பட்ட அந்த அடிதான் தன்னை எழுத்தாளனாக்கியது என்று பின்னாளில் அவர் சொல்லிவந்தார்.

1960இல் நியூயார்க்கில், நான்கு மாதக் குழந்தை தியோ இருந்த தள்ளுவண்டியை டாக்ஸி மோதியது. குழந்தையின் மூளையில் நீர் கோத்தது. அதை வடிக்கப் பொருத்திய குழாய் அடிக்கடி அடைத்துக்கொண்டது. டால், பொறியாளர் ஸ்டான்லி வேட், அறுவை மருத்துவர் கென்னத் டில் மூவரும் சேர்ந்து அடைக்காத ஒரு வால்வை உருவாக்கினார்கள். அது தயாரானபோது தியோவுக்கு அது தேவைப்படவில்லை. மற்ற பல குழந்தைகளுக்குப் பயன்பட்டது. 1962 நவம்பரில் மூத்த மகள் ஒலிவியா தட்டம்மையால் வந்த மூளை அழற்சியில் இறந்தாள். அவளுக்கும் ஏழு வயதுதான். 1986இல், தடுப்பூசி போடுங்கள் என்று பெற்றோரைக் கேட்டு அவர் ஒரு கடிதம் எழுதினார்.

இத்தனையிலும் உடன் இருந்தவர் அவர் மனைவி, நடிகை பேட்ரிசியா நீல். 1964இல் ஆஸ்கர் விருது பெற்றவர். அடுத்த ஆண்டு பிப்ரவரியில், 39 வயதில், மூன்று மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. மூன்று வாரம் நினைவின்றிக் கிடந்தார். கண் விழித்தபோது வலப்பக்கம் செயலற்றிருந்தது. வசனம் பேசிப் பிழைத்தவருக்குச் சொற்கள் போயிருந்தன. வந்த சொற்களும் இடம் மாறி வந்தன, அல்லது அந்த நிமிடத்தில் அவரே உண்டாக்கியவையாக இருந்தன.

தினம் சிறிது நேரப் பேச்சுப் பயிற்சி போதாது என்று டால் முடிவு செய்தார். இங்கிலாந்தின் கிரேட் மிஸ்ஸெண்டன் கிராமத்து வீட்டுக்கு அக்கம்பக்கத்தாரை முறைவைத்து வரவழைத்தார். நாள் முழுக்கப் பாடம். ஒரு பொருள் வேண்டுமென்றால் அதன் பெயரைச் சொல்லியாக வேண்டும். தன் சுயசரிதையில் பேட்ரிசியா அவரை இரக்கமற்றவர் என்று திட்டுகிறார். தன்னை மறுபடி தன் தொழிலுக்குள் தள்ளியவரும் அவரே என்று ஒப்புக்கொள்கிறார். இரண்டையும் சேர்த்தே நாம் வாசிக்க வேண்டும். ஆகஸ்டில் மகள் லூசி நலமாகப் பிறந்தாள். 1968இல் பேட்ரிசியா திரையில் மீண்டும் நடித்து ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றார்.

இந்த மீட்சியைப் பெரும்பாலும் ஒரு கணவனின் பிடிவாதக் கதையாகவே சொல்கிறார்கள். நாள்தோறும் எதிரில் உட்கார்ந்து பொறுமையாகப் பாடம் நடத்தியவர்களில் முக்கியமானவர் பக்கத்து வீட்டுக்காரரான வேலரி ஈட்டன் கிரிஃபித். அவர் மருத்துவப் பயிற்சி பெற்றவர் அல்ல. தான் கற்றதை 1970இல் புத்தகமாக எழுதினார். பக்கவாதம் வந்தவர்களுக்குத் தன்னார்வலர்கள் பேச உதவும் திட்டம் ஒன்று பிரிட்டனில் அதிலிருந்துதான் வளர்ந்தது. வால்வில் டாலின் பெயர் ஒட்டிக்கொண்டது. வேலரியின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

1982இல் 'தி பிஎஃப்ஜி' வெளிவந்தது. அதில் வரும் நல்ல ராட்சதன் சொற்களைப் புரட்டியும் குழைத்தும் புதிதாகக் கட்டியும் பேசுகிறான்; சொல்ல நினைப்பது சரியாக வருவதில்லையே என்று வருந்துகிறான். இந்தப் பேச்சு பேட்ரிசியாவின் பேச்சிழப்பை நினைவூட்டுகிறது என்று, டாலின் கடைசி நாட்களில் அவரைக் கவனித்த மருத்துவர் டாம் சாலமன் எழுதியிருக்கிறார். டால் முன்பும் சொல்விளையாட்டு ஆடியவர்தான். எல்லாம் அவளிடமிருந்தே வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வீட்டில் அந்தப் பேச்சு பல மாதங்கள் ஒலித்தது; கேட்ட காதுகளில் ஓர் எழுத்தாளனின் காதும் இருந்தது.

முந்தைய ஆண்டு வந்த 'ஜார்ஜஸ் மார்வலஸ் மெடிசின்' உலகத்து மருத்துவர்களுக்குச் சமர்ப்பணம். 'தி பிஎஃப்ஜி' ஒலிவியாவுக்கு. அது வந்த மறு ஆண்டு, வேறொரு பெண்ணோடு அவருக்கு இருந்த நெடுநாள் உறவின் முடிவில், பேட்ரிசியாவோடு மணமுறிவு ஆனது.

மருத்துவம் 'குறைபாடு' என்று குறித்துக்கொண்டதில் டால் மொழியைக் கேட்டிருந்தால், அது பெரிய செவி. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் நோயுற்ற பெண்ணின் வாயில் உளறலாக இருப்பது ஆணின் பக்கத்தில் எப்படிக் கற்பனையாகிறது? எழுதுகிற மகளின் பக்கத்தில் எப்படிப் படிமமாகிறது?

சென்ற மாதம் அம்மாவிடம் அந்தக் கவிதையைப் படித்துக் காட்டினேன். இப்போதெல்லாம் உப்பை உப்பு என்றே சொல்கிறாள்.

"இதை நானா சொன்னேன்?"

"நீதாம்மா சொன்னே."

அடுத்த பதிப்பில் அவள் பெயர் இருக்கும்.