அட்லஸ் மலைக் கம்பளமும் நவீன இல்லமும்

கால்நடைகளின் கம்பளியும் உரோமமும் மனிதனுக்கு வீட்டுப் பொருட்களாக அருளப்பட்டிருப்பதைத் திருக்குர்ஆனின் அந்நஹ்ல் அத்தியாயம் 80-ஆம் வசனம் நினைவூட்டுகிறது. அல்காஷியா அத்தியாயத்தில் சுவனத்து விரிப்புகளைக் குறிக்க 'ஸராபிய்யு' என்னும் பன்மைச் சொல் வருகிறது. மொராக்கோ மக்கள் கம்பளத்திற்கு இன்றும் வழங்கும் 'ஸர்பிய்யா' என்னும் பெயர் அச்சொல்லின் உறவேயாகும். அந்நாட்டு மலைக் கம்பளம் ஒன்று இருபதாம் நூற்றாண்டின் நவீன இல்லங்களுக்குள் புகுந்த வரலாற்றை இங்குச் சுருக்கமாக நோக்குவோம்.

மொராக்கோவின் மத்திய அட்லஸ் மலைகளில் வாழும் அமாஸீக் (பெர்பர்) கோத்திரங்களின் கூட்டமைப்பு ஒன்று பனூ வராயின் எனப்படுகிறது. செம்மறி ஆடு வளர்ப்பே இவர்களது பரம்பரைத் தொழில். பனி பொழியும் அம்மலைகளில் கம்பளம் அலங்காரப் பொருளன்று. படுக்கையும் போர்வையும் அதுவே. கம்பளியைக் கழுவிச் சிக்கெடுத்து நூற்பதும், செங்குத்தான தறியில் பாவு கட்டி முடிச்சு முடிச்சாக நெய்வதும் பெண்களின் கைவேலை. சாயமிடாத வெண்கம்பளிப் பரப்பில், கறுப்பும் பழுப்புமான இயற்கை நிற உரோமத்தால் சாய்சதுரக் கோடுகள் ஓடும். தாளில் வரைந்த மாதிரி இராது. தாயிடம் மகள் கற்ற நினைவே மாதிரி.

அக்காலத்து நவீனக் கட்டடக் கலைஞர்கள் கான்கிரீட்டையும் எஃகையும் கண்ணாடியையும் கொண்டு, மிகை அலங்காரம் நீக்கிய வீடுகளை எழுப்பினர். அவ்வீடுகளில் வெளிச்சம் நிறைந்திருந்தது. ஆனால் வெறுந்தரை குளிர்ந்தது, பேசும் குரல் எதிரொலித்தது. அடர்ந்த கம்பளி இவ்விரு குறைகளையும் தணித்தது. ஃபின்லாந்தின் அல்வார் ஆல்ட்டோ முதலியோர் 1935-இல் ஹெல்சிங்கியில் நிறுவிய ஆர்ட்டெக் நிறுவனம் மொராக்கோக் கம்பளங்களையும் தன் விற்பனைப் பொருட்களில் சேர்த்துக்கொண்டது. அமெரிக்காவில் ஃபிராங்க் லாயிட் ரைட் 1935-இல் வடிவமைத்த, அருவியின் மேல் நிற்கும் ஃபாலிங்வாட்டர் இல்லத்தின் கற்பாளத் தரையிலும் மொராக்கோ விரிப்புகள் இடம்பெற்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இவ்வழக்கம் மேலும் பரவியது.

ஆட்டுக்கிடையின் தேவைக்காகப் பிறந்த எளிமையும், கோட்பாட்டால் வந்த எளிமையும் ஒரே தரையில் சந்தித்தன. எனினும் முன்னது 'பழமை' என்றும் பின்னது 'நவீனம்' என்றும் பெயர் பெற்றன. மொராக்கோ 1912 முதல் 1956 வரை பிரெஞ்சுப் பாதுகாப்பாட்சியின் கீழ் இருந்தது. அக்காலத்தில் புரோஸ்பெர் ரிக்கார் 1923-க்கும் 1934-க்கும் இடையே மொராக்கோக் கம்பளங்களைப் பற்றி நான்கு தொகுதிகள் வெளியிட்டார். கம்பளங்கள் கோத்திரம் வாரியாகவும் வட்டாரம் வாரியாகவும் வகுக்கப்பட்டன. நெய்தவள் எவள் என்பது பதிவாகவில்லை. நாற்காலியை வடித்தவர் பெயர் நூல்களில் நிலைத்தது. அதன் கீழே விரிந்த கம்பளத்தை நெய்தவள் கோத்திரப் பெயருக்குள் மறைந்தாள்.

இக்குறையை மேற்கின் மீது மட்டும் சுமத்துவது நீதியாகாது. ஹிஜ்ரி 946 (கி.பி. 1539-40) என ஆண்டு பொறித்த பாரசீகத்து அர்தபீல் கம்பளத்தில் காஷானைச் சேர்ந்த மக்ஸூதின் பெயர் இருக்கிறது. அதைப் போற்றும் நாமும் இஸ்லாமியக் கலை வரலாற்றைப் பெரும்பாலும் அரசவைகளிலும் மஸ்ஜிதுகளிலுமே தேடி வந்திருக்கிறோம். மலைக் கூடாரத்துத் தறியை எண்ணிப் பார்த்ததில்லை. நெய்த கரங்களின் பெயர்களை இனி மீட்க இயலாது. ஆயினும் நவீன இல்லத்தின் வரலாற்றை எழுதுவோர் அதன் தரையிலிருந்து தொடங்கினால், அப்பெண்களுக்கு உரிய இடத்தின் ஒரு பகுதியேனும் கிட்டும்.