துடைத்தால் போகும் முகம்... சுட்டால் நிற்கும் முகம்! - பந்து மூட்டு பொம்மைகளின் வண்ணக் கதை

இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டே போகும்போது அந்த வீடியோ உங்கள் கண்ணிலும் பட்டிருக்கலாம். மேசைமேல் உடம்பு இல்லாத ஒரு பொம்மைத் தலை. யாரோ ஒருவர் பஞ்சை ஒரு திரவத்தில் நனைத்து அதன் முகத்தைத் துடைக்கிறார். முதலில் புருவம் போகிறது. அடுத்து உதட்டுச் சிவப்பு, கன்னத்து ரோஸ், கண்ணோரத்து இமை முடிகள்... ரெண்டே நிமிஷத்தில் முகமே இல்லை. அப்புறம் அதே தலையில் வேறு ஒரு முகம் வந்து உட்காருகிறது.

'அய்யோ, இவ்வளவு அழகான முகத்தை அழிச்சிட்டாங்களே!' என்று பதறுபவர்கள் ஒரு ரகம். 'சூப்பரா இருக்கே, நம்ம பொம்மைக்கும் பண்ணிப் பார்க்கலாமா?' என்று நெயில் பாலிஷ் ரிமூவரைத் தேடுபவர்கள் இன்னொரு ரகம். நீங்கள் இரண்டாவது ரகம் என்றால், ஒரு நிமிஷம் பொறுங்கள். எல்லாப் பொம்மைகளின் முகமும் துடைக்கிற முகம் கிடையாது. சில முகங்கள் எவ்வளவு துடைத்தாலும் போகாது. சிலவற்றைத் துடைத்தால், வண்ணத்தோடு பொம்மையும் போய்விடும்.

முதலில், இது என்ன பொம்மை?

தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் என்று ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பந்து. அந்தப் பந்து அடுத்த உறுப்பில் இருக்கும் குழிக்குள் பொருந்தி நிற்கும். உடம்புக்குள் ஓடும் எலாஸ்டிக் கயிறுதான் எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்திருக்கும். அதனால் பொம்மையை உட்கார வைக்கலாம், நிற்க வைக்கலாம், கன்னத்தில் கைவைத்து யோசிக்க வைக்கலாம். இதைத்தான் சேகரிப்பாளர்கள் 'பந்து மூட்டு பொம்மை' என்கிறார்கள். செல்லமாக பிஜேடி.

இதன் இன்றைய வடிவத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டது ஜப்பானின் கியோட்டோவைச் சேர்ந்த வோக்ஸ் நிறுவனம். 1999-ல் அவர்கள் கொண்டுவந்த 'சூப்பர் டால்ஃபி' பொம்மைகள் சுமார் 60 சென்டிமீட்டர் உயரம். பாலியூரித்தேன் ரெசினில் வார்க்கப்பட்டவை. கண்ணைக் கழற்றி மாற்றலாம், விக்கை மாற்றலாம், முகத்து வண்ணத்தையும் மாற்றலாம். பிறகு தென்கொரிய நிறுவனங்களும் களமிறங்க, இது உலகம் முழுக்கப் பரவிய பொழுதுபோக்கு ஆகிவிட்டது.

ஆனால் பந்து மூட்டு என்பது புதிய விஷயம் இல்லை. 19-ம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் பீங்கான் தலையும் பந்து மூட்டு உடம்பும் கொண்ட பொம்மைகள் செய்தார்கள். அந்தப் பழைய பொம்மைக்கும் இன்றைய ரெசின் பொம்மைக்கும் உள்ள பெரிய வித்தியாசம், முகத்து வண்ணத்தில்தான் இருக்கிறது.

மாற்றக்கூடிய முகம்: ரெசின்

ரெசின் பொம்மையின் முகத்துக்கு வண்ணம் தீட்டுவதை 'ஃபேஸ்-அப்' என்பார்கள். பெயிண்ட் டப்பாவைத் திறந்து பூசுவது போல அல்ல இது. அடுக்கடுக்காக நடக்கும் வேலை.

முதலில் வெறும் முகத்தில் மேட் சீலர் ஸ்பிரே. அது காய்ந்ததும், சாஃப்ட் பேஸ்டல் குச்சியைச் சுரண்டிப் பொடியாக்கி, மென்மையான பிரஷ்ஷால் கன்னம், கண்ணோரம், மூக்கு நுனி எனத் தடவுவார்கள். மறுபடி சீலர். அதன்மேல் வாட்டர்கலர் பென்சிலாலோ, நீர்த்த அக்ரிலிக் வண்ணத்தாலோ புருவத்தையும் இமை முடியையும் ஒவ்வொரு இழையாக வரைவார்கள். மறுபடி சீலர். கடைசியில் உதட்டுக்குக் கொஞ்சம் பளபளப்பு வார்னிஷ்.

ஏன் இத்தனை சீலர்? இரண்டு காரணங்கள். ரெசின் வழுவழுப்பானது, பொடி அதில் ஒட்டாது. சீலர் காய்ந்தால் மேற்பரப்பு லேசாகச் சொரசொரப்பாகும். பொடியும் பென்சிலும் அதைப் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். முதல் அடுக்கு சீலர்தான் ரெசினுக்கும் வண்ணத்துக்கும் நடுவில் நிற்கும் சுவர். அது இல்லாமல் நேரடியாகப் பூசினால், குறிப்பாகச் சிவப்பு நிறம், ரெசினுக்குள் இறங்கிக் கறையாகிவிடும்.

ஆக, நீங்கள் துடைக்கும்போது உண்மையில் கரைவது அந்தச் சீலர் அடுக்குதான். அது போனால் அதன்மேல் இருக்கும் எல்லாமும் சேர்ந்து வந்துவிடும். ரெசின் பொம்மையின் முகத்தை 'எழுதி அழிக்கும் சிலேட்டு' ஆக்குவது இந்த ஏற்பாடுதான்.

இதன் மைனஸும் அதுவேதான். எளிதாகப் போகும் முகம், எளிதாகத் தேயவும் செய்யும். அடிக்கடி விக் மாட்டிக் கழற்றினால் நெற்றி ஓரம் உரசும். எண்ணெய்ப் பிசுக்குள்ள விரல் பட்டால் கன்னத்தில் திட்டு விழும். கண்ணை மாற்றும்போது நகம் பட்டால் இமை முடி ஒன்று காணாமல் போகும்.

மாறாத முகம்: பீங்கான்

இப்போது மறுபக்கம் பாருங்கள். 19-ம் நூற்றாண்டில் பிரான்ஸின் ஜுமோ, ஜெர்மனியின் கெஸ்ட்னர் போன்ற தயாரிப்பாளர்களின் பொம்மைகளை இன்றும் அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். உடை நைந்திருக்கும், விக் உதிர்ந்திருக்கும். கன்னத்துச் சிவப்பு மட்டும் அப்படியே இருக்கும்.

காரணம், அந்த வண்ணம் பீங்கானோடு சேர்த்துச் சுடப்பட்டது. சைனா பெயின்ட் எனப்படும் இந்த வண்ணத்தில் உலோக ஆக்சைடு நிறமிகளும், வெப்பத்தில் உருகிக் கண்ணாடியாகும் தூளும் இருக்கும். அதை எண்ணெயில் குழைத்து, ஏற்கெனவே சுட்டெடுத்த, பளபளப்பு ஏற்றாத பீங்கானின் மேல் தீட்டுவார்கள். பிறகு சூளையில் சுமார் 700 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுடுவார்கள். தூள் உருகி, நிறத்தையும் சேர்த்துக்கொண்டு பீங்கானோடு ஒன்றாகிவிடும். அதற்குப் பிறகு அது பூச்சு இல்லை, பீங்கானின் தோல்.

ஒரே தடவையில் முடிகிற வேலையும் இல்லை. கன்னத்துக்கு ஒரு முறை, புருவத்துக்கு ஒரு முறை, உதட்டுக்கு ஒரு முறை என்று தீட்டித் தீட்டிச் சுட வேண்டும். சூளைக்குப் போகும் முன் பிடிக்கவில்லை என்றால் துணியால் துடைத்துவிடலாம். சூளையிலிருந்து வந்துவிட்டால் அவ்வளவுதான். அந்தப் புருவம் கோணல் என்றால், காலத்துக்கும் கோணல்தான்.

நம் ஊர்க் கொலு பொம்மையை நினைத்துப் பாருங்கள். களிமண் பொம்மையைச் சூளையில் சுட்ட பிறகுதான் வண்ணம் பூசுகிறார்கள், வண்ணத்தைச் சுடுவதில்லை. அதனால்தான் வருஷங்கள் போனால் உதிர்கிறது. அதனால்தான் நவராத்திரிக்கு முன் பழைய பொம்மைக்குப் புதுசாக வண்ணம் அடிக்கவும் முடிகிறது.

இரண்டு உலகிலும் கால்வைத்த கலைஞர்களும் உண்டு. கனடாவின் வான்கூவரில் பணிபுரியும் மரினா பிச்கோவா தன் 'என்சான்டட் டால்' பொம்மைகளைப் பீங்கானில் செய்து, சைனா பெயின்ட் தீட்டிச் சுடுகிறார். ரெசினிலும் பொம்மைகளை வெளியிட்டிருக்கிறார். பீங்கானில் கலைஞர் தீட்டியதுதான் முகம். ரெசினில் அந்த முகத்தை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா என்பது வாங்குபவர் கையில்.

நடுவில் நிற்கும் ஆபத்தான ரகங்கள்

நிறைய பேர் கோட்டைவிடுவது இங்கேதான்.

வினைல் தலை: பார்பி போன்ற பொம்மைகளின் முகம் தொழிற்சாலையில் அச்சிடப்பட்டது. தண்ணீருக்கும் சோப்புக்கும் அசையாது. ஆனால் அசிட்டோன் பட்டால் போய்விடும். பார்பிக்குப் புது முகம் வரையும் கலைஞர்கள் அப்படித்தான் பழைய முகத்தை எடுக்கிறார்கள். ஆக, இது தினசரிப் புழக்கத்துக்கு 'நிரந்தரம்', கரைப்பானுக்கு இல்லை.

ஏபிஎஸ் பிளாஸ்டிக் முகம்: 1972-ல் அமெரிக்காவில் அறிமுகமாகி, 2001-ல் ஜப்பானின் டகாரா நிறுவனம் மூலம் மறுபிறவி எடுத்த 'ப்ளைத்' பொம்மையின் முகம் இந்த வகை. ஏபிஎஸ் அசிட்டோனில் கரையும். வினைல் பொம்மைக்குப் பார்த்த வீடியோவை இதற்கு முயன்றால், வண்ணம் போவதற்குள் மூக்கே போய்விடும்.

ரெசின்: இதற்கும் அசிட்டோன் வேண்டாம். மேற்பரப்பை இளக்கிவிடலாம், மங்கவைக்கலாம். அனுபவசாலிகள் பெரும்பாலும் பயன்படுத்துவது ஐசோப்ரொபைல் ஆல்கஹால்தான்.

ஜப்பானின் கோஃபுன் முகம்: இச்சிமாட்சு, ஹினா போன்ற பாரம்பர்ய பொம்மைகளின் வெள்ளை முகம், சிப்பி ஓட்டுத் தூளைப் பிராணிப் பசையில் குழைத்துப் பூசியது. இதற்கு எதிரி தண்ணீரேதான். ஈரத்துணி பட்டாலே பசை இளகி முகம் கெட்டுவிடும். பழைய ஜப்பானிய பொம்மை கையில் கிடைத்தால், காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எதை வாங்கலாம்?

ஒரே கேள்வியை உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டியது ஒரு கலைப்படைப்பா, ஒரு கேன்வாஸா?

'இந்த முகம் பிடிச்சிருக்கு, இது இப்படியே இருக்கணும்' என்றால் சுட்ட பீங்கான் உங்களுக்கானது. ஆனால் கீழே விழுந்தால் உடையும், விலையும் அதிகம். 'எனக்கு அடிக்கடி மாத்தணும், நானே வரைஞ்சு பழகணும்' என்றால் ரெசின். அதிலும், வண்ணம் தீட்டாத வெறும் தலையாகவே பல நிறுவனங்கள் விற்கின்றன. அதை வாங்கினால் யாருடைய வேலையையும் அழிக்காமல் பழகலாம்.

பழைய பீங்கான் பொம்மை வாங்குபவர்களுக்கு ஒரு டிப்ஸ். உடைந்த தலையை ஒட்டி, மேலே சாதாரண வண்ணம் பூசி மறைத்து விற்பதும் நடக்கும். அப்படிப் பூசியது சுடப்படாத வண்ணம். இருட்டறையில் புற ஊதா விளக்கு அடித்துப் பார்த்தால், ஒட்டுப்போட்ட இடம் பெரும்பாலும் தனியாகத் தெரியும். தலைக்குள் சிறு விளக்கை விட்டுப் பார்த்தால் மெல்லிய விரிசலும் தெரிந்துவிடும்.

துடைப்பதற்கு முன்...

* பொம்மை எந்தப் பொருளால் ஆனது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தெரியாவிட்டால், துடைக்காதீர்கள்.

* அந்த முகத்தை வரைந்தது யார் என்று பாருங்கள். நிறுவனமே தீட்டிய லிமிடெட் எடிஷன் முகத்தையோ, பெயர் பெற்ற கலைஞரின் முகத்தையோ அழித்தால், மறுவிற்பனை மதிப்பும் கூடவே இறங்கும். அதே முகத்தை அப்படியே திரும்ப வரைய, அதே கலைஞராலும் முடியாது.

* பல கோணங்களில், பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள்.

* தலையைக் கழற்றி, கண்ணை எடுத்துவிட்டு, வெளியே தெரியாத கழுத்தின் உட்பக்கத்தில் ஒரு துளி வைத்துச் சோதியுங்கள். பஞ்சில் பொம்மையின் நிறமே ஒட்டினாலோ, இடம் பிசுபிசுத்தாலோ நிறுத்திவிடுங்கள்.

* மழை நாளில் சீலர் அடிக்காதீர்கள். காற்றில் ஈரப்பதம் அதிகம் இருந்தால் சீலர் வெள்ளையாகப் பூத்துவிடும். ஐப்பசி அடைமழையில் சென்னை மொட்டைமாடி இதற்கான இடமே இல்லை.

மூச்சு முக்கியம் பாஸ்!

ஃபேஸ்-அப் வீடியோக்களில் பலரும் வேகமாக ஓட்டிவிடும் விஷயம் இது. சீலர் ஸ்பிரேயின் ஆவி நுரையீரலுக்கு நல்லதல்ல. துணி மாஸ்க்கோ, கொரோனா காலத்து சர்ஜிக்கல் மாஸ்க்கோ ஆவியைத் தடுக்காது. கரிம ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் பொருத்திய ரெஸ்பிரேட்டர் வேண்டும். அடிப்பது திறந்தவெளியில் இருக்கட்டும். பக்கத்தில் நெருப்பு, குழந்தை, நாய், பூனை எதுவும் வேண்டாம். பேஸ்டல் பொடியை வாயால் ஊதாதீர்கள். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் எளிதில் தீப்பிடிக்கும், ஊதுபத்தி எரியும் அறையில் அதைத் திறக்காதீர்கள்.

இன்னொன்று. ரெசின் வெயிலில் மஞ்சளாகும். யூவி தடுக்கும் சீலர் அந்த வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது. எனவே எவ்வளவு நல்ல முகம் வரைந்தாலும், பொம்மையை ஜன்னலோரம் வைக்காதீர்கள்.

சரி, அந்த ரீல்ஸ் தலைக்கே திரும்புவோம். அதைத் துடைத்தவர் கை நடுங்காமல் துடைத்தார் என்றால், அது ரெசின் என்றும், அடியில் சீலர் இருக்கிறது என்றும், திரவம் எது என்றும் அவருக்குத் தெரியும். உங்களுக்கும் இந்த மூன்றும் தெரிந்த பிறகு பஞ்சைக் கையில் எடுங்கள். மூன்றில் ஒன்று தெரியாவிட்டாலும், அந்த முகம் இன்னும் கொஞ்ச நாள் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே!